கரோக்கி அறையில் மாத்திரைக் கணக்கு: கோபே முதல் ஷிஞ்ஜுகு வரை

நவம்பர் 14, வியாழன் – கோபே

ஜப்பானில் கரோக்கிக்கென்றே ஒரு வாரம் ஒதுக்கினால், அதைக் கோபேயில் தொடங்குவதுதான் முறை. 1971-இல் இங்கே சன்னோமியா மதுக்கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்த இசைக்கலைஞர் இனோஉயே தைசுகே, காசு போட்டால் பின்னணி இசை மட்டும் ஒலிக்கும் ஒரு பெட்டியைச் செய்தார். பெயர் ‘8 ஜூக்’. பதினொரு பெட்டிகள் செய்து கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். காப்புரிமை வாங்கவில்லை. டோக்கியோவில் நெகிஷி ஷிகேஇச்சி 1967-லேயே இதுபோல ஒன்றைச் செய்துவிட்டார் என்பதால், யார் முதல் என்ற பேச்சு இன்றும் ஓயவில்லை. ‘கரா’ என்றால் வெறுமை, ‘ஓகே’ என்பது ஆர்கெஸ்ட்ராவின் சுருக்கம். பாடுகிறவர் இல்லாத இசைக்குழு என்று பொருள்.

மதியம் சோபாமேஷி. நூடுல்ஸைப் பொடியாகக் கொத்திச் சோற்றோடு சேர்த்து இரும்புத் தட்டில் வதக்கித் தருகிறார்கள். நகதா பகுதியின் சாப்பாடு இது. நம்மூர் கொத்துப் பரோட்டாவைப் போலவே கரண்டிச் சத்தம் முதலில் வரும், வாசனை பிறகு வரும். ஒரு தட்டு 850 யென்.

இரவில் ‘சுனக்கு’ எனப்படும் சிறு மதுக்கூடம். எட்டே நாற்காலி, ஒரே மைக். கடையை நடத்தும் அம்மையாரை எல்லோரும் ‘மாமா’ என்கிறார்கள் (ஜப்பானில் மாமா என்றால் அம்மா). கதவைத் திறந்ததும் கட்டணத்தைக் கேட்டுவிட்டு உட்காருவது நல்லது. இந்த இடத்தில் இருக்கைக்கு 3,000 யென், ஒரு பானமும் கொறிக்க ஒரு சிறு தட்டும் அதில் அடக்கம். பாட்டுக்கு 200 யென் தனி. கரோக்கி அறை என்பது தெரிந்தவர்களோடு பாடும் இடம், சுனக்கு என்பது முன்பின் தெரியாதவர்கள் முன் பாடும் இடம். அதனால் உங்களுக்குப் பிடித்த பாட்டைவிட அங்கே இருப்பவர்களுக்குத் தெரிந்த பாட்டை எடுப்பதுதான் மரியாதை. ஒருவரே அடுத்தடுத்து இரண்டு பாட்டு எடுப்பதில்லை. பாடி முடித்தவரைப் பார்க்காமல் கைதட்டுவதும் இல்லை, திரும்பிப் பார்த்துத்தான் தட்டுகிறார்கள்.

இளைஞர்கள் இங்கே எடுக்க வேண்டிய முதல் பாட்டு சகமோதோ கியூவின் 1961 பாட்டான ‘உஎ வோ முயிதே அருகோ’. 1963 ஜூனில் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது இதுதான். வேகம் மிதமானது, சுரங்களின் வீச்சு குறுகலானது. எண்பது வயதுக்காரரும் இருபது வயதுக்காரரும் ஒன்றாகப் பாடக்கூடிய பாட்டு. நடுவில் விசில் வரும் இடத்தில் வாயைத் திறந்து எதையாவது நிரப்பத் தோன்றும். வேண்டாம். இன்றிரவு அந்த இடம் வந்ததும் ஐந்து முதியவர்கள் கண்ணாடிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு விசிலடித்தார்கள். அடித்து முடித்ததும் மறுபடி கோப்பையை எடுத்துக்கொண்டார்கள்.

நவம்பர் 15, வெள்ளி – ஒகயாமா

வயல் நடுவே, சாலையோரம், சரக்குப் பெட்டகம் ஒன்றை அறையாக மாற்றி 1985-இல் முதல் ‘கரோக்கி பாக்ஸ்’ திறந்தது இந்த மாகாணத்தில்தான். குடிக்காதவரும் மாணவரும் பாட வழி பிறந்தது அதற்குப் பிறகே. இன்று அதே மாகாணத்தில் பகல் நேரத்தில் ‘ஹிதோகரா’, அதாவது ஒற்றை ஆள் கரோக்கி. வரவேற்பில் ‘ஹிதோரி தெஸ்’ (ஒரே ஆள்) என்றால் போதும், யாரும் புருவம் உயர்த்துவதில்லை. பள்ளி சீருடையில் ஒரு பெண், அலுவலக சூட்டில் ஒருவர், காய்கறிப் பையோடு ஒரு பாட்டி என்று வரிசையில் நின்ற எல்லோருமே தனியாகத்தான் வந்திருந்தார்கள். வார நாள் பகலில் 30 நிமிடத்துக்கு 200 யென்னை ஒட்டித்தான் வரும். காலைச் சலுகை இருக்கும் கடைகளில் அதற்கும் கீழே.

வரவேற்பில் ‘கிஷு’ எது என்று கேட்பார்கள். கருவியின் வகை என்று அர்த்தம். டாம், ஜாய்சவுண்ட் என இரண்டு. அனிமே பாட்டும், கணினிக் குரல் பாடும் வோகலாய்டு பாட்டும் நிறையப் பாடப்போகிறீர்கள் என்றால் ஜாய்சவுண்ட். மதிப்பெண் போட்டுப் பார்க்க ஆசை என்றால் டாம். பெரிய வெற்றிப் பாட்டுகள் இரண்டிலும் உண்டு. டாமின் தேடு பலகைக்கு ‘தென்மோகு’ என்று பெயர். ஆங்கில முகப்பு பல கருவிகளில் இருக்கிறது, ஆனால் பாடகர் பெயரை ஹிரகனாவில், அதாவது ஜப்பானிய ஒலியெழுத்தில் தட்டினால்தான் தேடல் சுத்தமாக வருகிறது.

இங்கேதான் தமிழ் படித்தவருக்கு ஓர் ஆதாயம். ஜப்பானிய அகரவரிசை அ, க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று போகிறது. நம் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ வரிசையேதான். பௌத்தத் துறவிகள் சமஸ்கிருதத்துக்காகப் படித்த சித்தம் எழுத்துகளின் ஒழுங்கிலிருந்து வந்தது அது. ஹ-வும் பழங்காலத்தில் ப-வாகத்தான் ஒலித்தது. பலகையில் எந்தப் பாடகர் எந்தப் பத்தியில் இருப்பார் என்று கை தானாகவே போய்விடும்.

திரையில் வரிகள் கஞ்சியில், அதாவது சீன வடிவ எழுத்துகளில் வரும். தலைக்கு மேல் பொடியாக ஹிரகனாவில் உச்சரிப்பு இருக்கும். அடிப்படை எழுத்துகள் 46. பயணத்துக்கு முன் இரண்டு வாரம், நாளைக்கு நான்கு எழுத்து என்று படித்தால் போதும். ரோமன் எழுத்து எல்லாப் பாட்டுக்கும் வராது, அதை நம்பிப் போகாதீர்கள். கஞ்சி தெரிந்தவர்களும் மேலே உள்ள பொடி எழுத்தைத்தான் பார்க்க வேண்டும். ‘பிரபஞ்சம்’ என்று எழுதிவிட்டு ‘வானம்’ என்று பாடவைப்பது ஜப்பானியப் பாடலாசிரியர்களின் வழக்கம்.

சரி, வரிகளைத் தமிழில் எழுதி வைத்துக்கொண்டால் என்ன? செய்யலாம். ஆனால் நேராக எழுதினால் கெடும். சிவப்புக்கு ஜப்பானியச் சொல் ‘அகா’. அதில் வருவது வல்லின க. தமிழில் ‘அகா’ என்று எழுதினால் நாக்கு மெல்லிய க-வைத்தான் சொல்லும். ‘அக்கா’ என்று எழுதினால் வல்லினம் வந்துவிடும், கூடவே ஒரு தாளமும் கூடிவிடும், பாட்டு அரை வரிக்குள் தடம் மாறும். இதற்குத் தீர்வு ஜப்பானியரிடமே இருக்கிறது. ‘க’ வல்லோசை என்றால் அப்படியே விடுகிறார்கள், மெல்லிய ஓசை என்றால் மேலே வலப்பக்கம் இரண்டு சிறு கோடு போடுகிறார்கள். நம் தாளிலும் அதையே செய்யுங்கள். கோடு இல்லாத க, த, ச எல்லாம் அழுத்தி; கோடு இருந்தால் மென்மையாக. இரட்டை எழுத்தை ஜப்பானியத்தில் இரட்டை இருக்கும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மாத்திரை. ஜப்பானியப் பாட்டு முழுக்க மாத்திரைக் கணக்குதான். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. இதுவரை நம் இலக்கணமேதான். மெய்யெழுத்துக்குத்தான் வேறுபாடு. நமக்கு ஒற்று அரை மாத்திரை, அவர்களுக்கு முழு மாத்திரை. லிசா 2019-இல் பாடிய ‘குரென்கெ’ என்ற தலைப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கு, ரெ, ன், கெ என நான்கு தட்டு. தமிழ் வாய் அதை மூன்றாக விழுங்கிவிடும். ஒற்று வரும் இடமெல்லாம் விரலால் தொடையில் ஒரு தட்டு தட்டி, அந்த ‘ன்’ மீது நின்றுவிட்டு நகருங்கள். ஒரு மணி நேரம் இதை மட்டும் செய்தால், திரையில் நிறம் நிரம்பும் வேகத்தோடு வாய் பொருந்திவிடும்.

ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பாட்டு வரை பாடலாம். தனியாகப் பாடினால் நாற்பதாவது நிமிடத்தில் தொண்டை கட்டத் தொடங்கும். ஐஸ் போட்ட பானத்தைத் தள்ளிவைத்துவிட்டு ‘ஓயு’ கேளுங்கள், வெந்நீர் தருவார்கள். தானியங்கிப் பானப் பகுதி இருந்தால் சூடான சோளச் சூப்பும் கிடைக்கும். வெளியே வந்தபோது லேசான குளிர். ரயில் நிலையத்தில் கிபிதாங்கோ என்ற மாவு உருண்டை வாங்கினால் கொழுக்கட்டை மாவின் மென்மை, இனிப்பு குறைவு.

நவம்பர் 16, சனி – ஒசாகா

நம்பாவில் மொழிப் பரிமாற்றக் குழு ஒன்றின் வழியாகப் பழக்கமான கல்லூரி மாணவர்கள் நான்கு பேரோடு இரண்டு மணி நேரம். முதலில் தெருவோரத்தில் ஆக்டோபஸ் துண்டு வைத்த தகோயாகி, எட்டு உருண்டை 600 யென். உள்ளே இருக்கும் குழம்பு நாக்கைப் பொசுக்கும், பாடப்போகிறவர் பிளந்து ஆறவிட்டுத்தான் தின்ன வேண்டும். சைவர்கள் கவனிக்க: ஆக்டோபஸ் இல்லாமல் கேட்டாலும் மாவில் மீன் சாறு இருக்கும். கரோக்கிக் கடைக்குள் நம்பிக் கேட்கக்கூடியவை உருளை வறுவல், எதாமாமே (அவித்த பச்சைச் சோயா), தேன் ஊற்றிய டோஸ்ட். வறுவலையும் விலங்குக் கொழுப்பில் பொரித்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அறைக்குள் நுழைந்ததும் யாரும் முதல் பாட்டை எடுக்க மாட்டார்கள். பலகை ஒரு சுற்று வரும். அப்போது வெளியூர்க்காரர் எடுத்தால் எல்லோருக்கும் நிம்மதி. மெதுவான சோகப் பாட்டு அந்த இடத்துக்கு ஆகாது. அய்மியோனின் ‘மேரிகோல்ட்’ (2018) நன்றாகப் பொருந்தும். நடை வேகம், தாவல் குறைவு, எல்லோருக்கும் தெரியும். ஸ்பிட்ஸ் குழுவின் ‘செரி’ (1996) அதற்கு அடுத்தது. பெண்கள் மெதுவாகத் தொடங்க விரும்பினால் ஹிதோதோ யோவின் ‘ஹனாமிசுகி’ (2004). இந்த மூன்றில் ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தால் எந்த அறையிலும் தப்பிக்கலாம்.

ஜப்பானியப் பாட்டின் உடலமைப்பைத் தெரிந்துகொள்வது அவசியம். முதலில் ‘ஏ-மெலோ’, பிறகு ‘பி-மெலோ’, அதன் பிறகு ‘சபி’. சபிதான் நம் பல்லவி மாதிரி மனதில் ஒட்டும் பகுதி. ஆனால் அது பெரும்பாலும் முதலில் வருவதில்லை, ஏறி ஏறித்தான் வரும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். ஏ-மெலோ தாழ்வாக இருக்கிறதே என்று சுருதியை ஏற்றிவிடுவார்கள், சபி வந்ததும் குரல் கிழியும். சுருதியை எப்போதும் சபியின் உச்ச சுரத்தை வைத்தே தீர்மானிக்க வேண்டும். ஹிகேதான் குழுவின் ‘பிரிடெண்டர்’ (2019) இதற்குச் சரியான எச்சரிக்கை. தொடக்கம் பேசுவது போல இருக்கும், சபி ஆண் குரலின் கூரையைத் தொடும். ஜப்பானிய ஆண்களே மூன்று நான்கு அரைச்சுரம் இறக்கித்தான் பாடுகிறார்கள். பலகையில் சுருதிக்கு + − பொத்தான் உண்டு, ஒரு அழுத்தம் ஒரு அரைச்சுரம். மூலச் சுருதிக்குத் திரும்பத் தனிப் பொத்தான் இருக்கிறது. உங்கள் எண்ணை போனில் குறித்துவையுங்கள்.

யோனேசு கென்ஷியின் ‘லெமன்’ (2018) நிமிடத்துக்கு 87 தட்டு. மூச்சுக்கு இடம் இருக்கிறது, ஆண்கள் இரண்டு மூன்று இறக்கினால் கைக்குள் வரும். பெண்கள் அதே பாட்டை மூன்று நான்கு ஏற்ற வேண்டும். யுரியின் ‘டிரை ஃபிளவர்’ (2020) பாட எளிதாகத் தோன்றும் பிரிவுப் பாட்டு. சபியில் குரலை உடைத்துப் பொய்க்குரலுக்குப் போகத் தெரியாவிட்டால் கத்தலாகிவிடும். யோஆசோபியின் ‘யோரு நி ககேரு’ (2019) 130 தட்டு. வேகத்தைவிட மூச்சு வாங்க இடமே இல்லாததுதான் அதன் சிக்கல், போதாததற்குக் கடைசிச் சபியில் சுருதி வேறு மாறுகிறது. அவர்களுடைய ‘ஐடல்’ (2023) 166 தட்டு. இந்த இரண்டையும் திரையைப் படித்துப் பாட முடியாது, மனப்பாடம் மட்டுமே வழி. ஐடலில் நடுவே வரும் கோஷங்களைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு விட்டுவிடுங்கள், அறை கலகலப்பாகும். ஆடோ தன் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வெளியிட்ட ‘உஸ்ஸேவா’வை (2020) இரண்டாவது மணி நேரத்துக்கு வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பிறகு வேறெதுவும் பாடத் தொண்டை இருக்காது.

மாணவர்கள் நடந்துகொண்ட விதம் பார்க்க நன்றாக இருந்தது. ஒருவர் பாடும்போது மற்றவர்கள் தங்கள் பாட்டைத் தேடுகிறார்கள், ஆனால் ஒரு கை தாளத்தை விடுவதில்லை. கூடப் பாட வேண்டுமானால் பாடுகிறவர் இரண்டாவது மைக்கை நீட்டும் வரை காத்திருக்கிறார்கள். பணியாள் தட்டோடு உள்ளே வந்தபோது பாடியவள் நிறுத்தவில்லை, பணியாளும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அது அவர்களுக்குள் ஒப்பந்தம்.

இரண்டு தவறுகள் நேர்ந்தன. முதலாவது பலகையில். ‘யோயாகு’ என்றால் வரிசையில் சேர், ‘வரிகோமி’ என்றால் முந்திக்கொள். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் பொத்தான்கள். தவறி வரிகோமி அழுத்தியதில் காத்திருந்த மூன்று பேரின் பாட்டு பின்னால் போனது. உடனே ‘சுமிமாசென்’ (மன்னிக்கவும்) சொல்லி அந்தப் பாட்டை அழித்துவிட்டு மறுபடி வரிசையில் போட்டால் போதும், யாரும் முகம் சுளிக்கவில்லை. ஓடும் பாட்டை நிறுத்தும் பொத்தானை மட்டும் பாடுகிறவரைத் தவிர யாரும் தொடக்கூடாது.

இரண்டாவது பில்லில். வாசல் பலகையில் 30 நிமிடம் 380 யென் என்று இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஆளுக்கு 1,520 என்று எல்லோரும் கணக்குப் போட்டோம். அது உறுப்பினர் விலை. உறுப்பினர் அல்லாதவருக்கு 500 யென், ஆக 2,000. ஆளுக்கு ஒரு பானம் கட்டாயம், 480. பிறகு 10 சதவீத வரி. மொத்தம் 2,728. இதோடு முடியவில்லை. முடிவதற்குப் பத்து நிமிடம் முன் அறைப் போன் அடிக்கும். அங்கே கேட்பது ‘என்ச்சோ’ வேண்டுமா, அதாவது நேரத்தை நீட்டவா என்று. மரியாதைக்கு ‘ஹை, ஹை’ (ஆமாம், ஆமாம்) என்றால் அரை மணி கூடிவிடும், இன்று கூடியது. ‘என்ச்சோ நாஷி தே’ (நீட்ட வேண்டாம்) என்பதை மனப்பாடம் செய்துவையுங்கள். உள்ளே போகும்போதே நான்கு கேள்வி கேட்டுவிட வேண்டும்: இது உறுப்பினர் விலையா, பானம் சேர்த்தா, வரி சேர்த்தா, இன்று வார இறுதிக் கட்டணமா. வெள்ளி மாலையிலிருந்தே வார இறுதி தொடங்கிவிடுகிறது, விடுமுறைக்கு முந்தைய இரவும் அதே விலைதான்.

நவம்பர் 17, ஞாயிறு – ஒசாகா

பாட்டு இல்லை. தொண்டைக்கு ஓய்வு. ஞாயிறு மதியம் கடைகளின் வாசலில் ஒரு மணி நேரக் காத்திருப்பு. தேன் மிட்டாய் ஒரு பொட்டலம் 200 யென், எந்தக் கன்வீனியன்ஸ் கடையிலும் கிடைக்கும்.

நவம்பர் 18, திங்கள் – டோக்கியோ, ஷிஞ்ஜுகு

காற்றில் கூர்மையான குளிர். இரவு 11 முதல் காலை 5 வரை ‘ஃப்ரீ டைம்’, அதாவது அரை மணிக் கணக்கில்லாமல் ஒரே கட்டணம். கடைசி ரயிலை விட்டவர்களுக்கு ஓட்டலைவிட இதுவே மலிவு, திங்கள் இரவென்றால் வார இறுதி விலையில் ஏறக்குறையப் பாதி. பதினெட்டு வயதுக்குக் கீழே என்றால் இந்த நேரத்தில் உள்ளே விட மாட்டார்கள். மதுவுக்கு இருபது. புகைக்காதவர்கள் ‘கின்என்’ அறை கேட்க வேண்டும், கேட்காவிட்டால் பழைய புகை வாடையுள்ள அறை கிடைக்கக்கூடும்.

டாமில் ‘செய்மிட்சு சாய்தென்’ என்ற நுண் மதிப்பெண் முறையைப் போட்டால், திரையின் மேல்பகுதியில் சுரங்கள் சாம்பல் பட்டைகளாக ஓடும். குரல் பட்டையில் சரியாக உட்கார்ந்தால் நிறம் நிரம்பும், மேலே போனால் மேலே கோடு, கீழே போனால் கீழே கோடு. சுரச் சுத்தம், நீட்டலின் நிலைப்பு, தாளம், ஏற்ற இறக்கம், அதிர்வு எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். கர்நாடக இசையோ சினிமாப் பாட்டோ பாடிப் பழகியவருக்கு இதில் ஒரு விசேஷம் காத்திருக்கிறது. கீழிருந்து சுரத்துக்கு வழுக்கி ஏறினால் ‘ஷகுரி’, நொடியில் சுழற்றினால் ‘கொபுஷி’, முடிவில் வழுக்கி இறங்கினால் ‘ஃபால்’. நம் கமகத்தின் துண்டுகளைக் கருவி இந்தப் பெயர்களில் எண்ணிக்கொள்கிறது. எண்ணிக்கை எகிறும், ஆனால் ஒவ்வொரு வழுக்கலும் பட்டையை விட்டு விலகல்தான், எனவே சுரச் சுத்தத்தின் சதவீதம் விழும். மதிப்பெண் வேண்டுமென்றால் சுரத்தின் தலையிலேயே நேராக இறங்கி, அசையாமல் நின்று, நீளும் சுரத்தின் கடைசியில் மட்டும் அதிர்வு கொடுங்கள். எதிரொலியைக் குறைத்துவைத்தால் உங்கள் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கும். மைக்கின் வலைத் தலையைக் கையால் மூடிப் பிடிக்காதீர்கள், ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பவும் வேண்டாம், கிறீச்சிடும்.

இதைப் பழக 1995-இல் தகஹாஷி யோகோ பாடிய ‘சன்கொகு ந தென்ஷி நொ தேஸெ’ மிக நல்ல பாட்டு. 128 தட்டு, ஒவ்வொரு மாத்திரையும் தனித்தனியாகத் தெளிவாக விழும், முப்பது வருடமாக எந்தத் தலைமுறையும் அதை விடவில்லை. தலைப்பிலேயே இரண்டு ‘ன்’ இருக்கிறது. ச-ன்-கொ-கு, தெ-ன்-ஷி என்று முழுதாக நின்று பாடினால் பட்டை நிரம்புவதைக் கண்ணால் பார்க்கலாம். அதே பாட்டை ஒற்றை அரை மாத்திரையாக விழுங்கிப் பாடிப் பாருங்கள், அடுத்த எழுத்து பட்டைக்கு முன்னால் போய் விழும்.

மூன்று மணிக்கு மேல் குரல் இறங்கிவிடும், எல்லாப் பாட்டையும் இரண்டு அரைச்சுரம் இறக்கிக்கொள்ளுங்கள். நாலரைக்குப் போன் வரும். கடைசிப் பாட்டாக ஒகினாவாவின் மொங்கோல் 800 குழு 2001-இல் தந்த ‘சீசனா கொய் நோ உதா’. இதைத் தனியாக யாரும் பாடுவதில்லை. மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு, இரண்டு மைக்கையும் ஆளுக்குப் பாதி நீட்டி, எழுந்து நின்று பாடுவார்கள். சுருதியைத் தொட வேண்டியதில்லை, உச்சத்தில் எல்லோரும் கத்துவது அந்தப் பாட்டுக்கே உரியது. பக்கத்து அறையிலும் அதே பாட்டு, நமக்கு இரண்டு வரி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. மைக்குகளைக் கூடையில் வைத்து, கோப்பைகளை மேசை ஓரமாகச் சேர்த்துவிட்டு வெளியே வந்தபோது அந்த அறைக்காரர்களும் வந்தார்கள். லிஃப்டை எங்களுக்குப் பிடித்து நிறுத்திவிட்டு, தலை குனிந்து, அடுத்த லிஃப்டுக்குக் காத்திருந்தார்கள்.